நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

முன்ஜியாவுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு மெத்லாவியில் பாஸ்பேட் சுரங்க ஆபீசில் வேலை. அவளுடைய அம்மா தரையில் உட்கார்ந்து குஸ்குஸ் சலித்துக்கொண்டே சொன்னாள்.

"பையன் தங்கம்னு எல்லாரும் சொல்றாங்கடி."

"எல்லாரும்னா யார் யாரும்மா? பேரைச் சொல்லு."

அம்மா மூன்று பேரைச் சொன்னாள். மறுநாள் காலை ரயிலில் முன்ஜியா மெத்லாவிக்குப் போய் இறங்கினாள். முதல் வீட்டுக்காரி, "எனக்கென்ன தெரியும், ஸைதா சொன்னா" என்றாள். ஸைதா, "கல்யாண வீட்டுல தலை வாரிவிடறவ சொன்னா" என்றாள். தலை வாரிவிடுகிறவள் மருதாணிக் கையைத் துடைத்துக்கொண்டு, "பையனோட அத்தை சொன்னாங்க, அவங்க பொய்யா சொல்வாங்க?" என்றாள். அம்மா சொன்ன மூன்று பேரும் ஒரே அத்தையில் போய் முடிந்தார்கள். அந்த அத்தையோ பையனைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

திரும்பி வந்து முன்ஜியா சொன்னது இவ்வளவுதான்: "அந்தத் தங்கத்தை ஒருத்தரும் உரசிப் பாக்கலம்மா."

அம்மா இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. அப்புறம் ரயில்வேயில் வேலை பார்த்த பஷீர் வந்தான். அவனோடு நேரில் பழகிய நான்கு பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். மூன்று பேர் நல்லவன் என்றார்கள், நாலாமவர் முன்கோபி என்றார். கட்டிக்கொண்டாள். நாலாமவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் தெரிந்தே கட்டிக்கொண்டதால் அவள் கடைசிவரை அதைப் பற்றிப் புலம்பவில்லை. இருபத்தாறு வருடம் வாழ்ந்துவிட்டு அவன் இறந்துபோனான்.

இவள் கல்லூரிப் படிப்புப் படித்தவள் அல்ல. கஃப்ஸாவில் மருத்துவக் கல்லூரி திறந்த வருடம் அதன் நூலகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மரப்பெட்டி மரப்பெட்டியாகப் புத்தகங்கள் வந்து இறங்கின. பெட்டியை உடைப்பது, தூசி தட்டுவது, வரிசையாக அடுக்குவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. அடுக்க வேண்டுமென்றால் முதுகில் உள்ள எழுத்தைப் படித்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெஞ்சு எழுத்தைத் தூசி தட்டியபடியே மறுபடி பிடித்துக்கொண்டாள். பதினோரு வருடம் கழித்து இலாகாத் தேர்வு எழுதி குமாஸ்தா ஆனாள்.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டராகப் போகிற ஒவ்வொருவரும் கடைசியில் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். இதை இன்னார் சொன்னார், அதை அன்னார் கண்டுபிடித்தார் என்று அதில் வரிக்கு வரி எண் போட்டு, கடைசியில் அந்த இன்னார் அன்னார் எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் சொன்னார் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். ஒருவர் சொன்னதாகச் சொன்னால் அவர் வீட்டு விலாசத்தையும் கொடு, போய்க் கேட்டுக்கொள்கிறோம் என்கிற மாதிரிதான் இது. அச்சுக்குப் போகும் முன் நூலகக் குமாஸ்தா அந்த விலாசம் ஒவ்வொன்றுக்கும் போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஆள் இருந்தால் பென்சிலால் ஒரு குறி. எல்லாவற்றுக்கும் குறி விழுந்தால் பச்சைச் சீட்டில் கையெழுத்தும் முத்திரையும். மற்ற குமாஸ்தாக்கள் நாற்காலியில் உட்கார்ந்தே குறி போடுவார்கள். முன்ஜியா அலமாரி முன்னால் நின்றுகொண்டுதான் போடுவாள். அவள் மேஜைக்கு வந்த ஆய்வேடு சீக்கிரம் திரும்பாது என்று, அவளைச் சித்தி முறை வைத்துக் கூப்பிடும் மாணவர்கள் முணுமுணுப்பார்கள்.

ஒரு வருடம் ஏப்ரலில் யுஸ்ரா என்கிற பெண்ணின் ஆய்வேடு வந்தது. தேள்கடி பற்றியது. கஃப்ஸாவில் கோடை என்றால் தேள்தான், செருப்பை உதறாமல் யாரும் கால் வைக்க மாட்டார்கள். யுஸ்ரா கெட்டிக்காரி. அவசரப் பிரிவில் வேலை, நடையும் பேச்சும் அவசரம்தான். பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு விலாசங்கள் கொடுத்திருந்தாள். பத்து நாள் கழித்துக் கையில் ஸ்டெதாஸ்கோப்போடு ஓடி வந்தாள்.

"சித்தி, கையெழுத்து ஆச்சா?"

"நூத்திப் பதினொண்ணு ஆச்சு மகளே. பதினேழாவது மட்டும் நிக்குது."

"அதுவா? எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் போடறதுதானே அது."

"நீ பாத்தியா?"

"எங்க சீனியர் போட்டிருக்காங்க. அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும்..."

"நீ பாத்தியான்னு கேட்டேன்."

யுஸ்ரா ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "பாக்கல."

பதினேழாவது மூலம் சாதாரணமானது அல்ல. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தேள் கொட்டினால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஊசியை இந்த அளவில் போடலாம், குழந்தைக்கு ஆபத்தில்லை, சோதித்துப் பார்த்தாயிற்று என்கிற வரிக்கு அதுதான் ஆதாரம். பட்டியலில் ஒரு ஆசிரியர் பெயரும், 1974ஆம் வருடத்துப் பத்திரிகை, நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் என்றும் இருந்தது. முன்ஜியா அந்த வருடத்துத் தொகுப்பைக் கீழ் அறையிலிருந்து தூக்கி வந்து மேஜையில் வைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"முந்நூத்தி எண்பத்தெட்டோட புஸ்தகம் முடியுது. தெருவுல எண்பது வீடுதான் இருக்கு, நூத்தி அஞ்சாம் நம்பர் வீட்டுக்காரர் சொன்னார்னு எழுதியிருக்கே."

"அச்சுப் பிழையா இருக்கும் சித்தி. ஒரு நம்பருக்காக..."

"இருக்கலாம். நான் தேடறேன். எனக்கு நாள் குடு."

"ஜூன் கடைசியில எனக்கு சபை. பேராசிரியர்கள் முன்னால நின்னு பதில் சொல்லணும்."

"ஏப்ரல்தானே ஆகுது."

அன்று மதியம் முன்ஜியா ரொட்டியைக்கூடப் பிரிக்காமல் ஆய்வேட்டு அலமாரிக்குப் போனாள். அந்தத் துறையின் பழைய ஆய்வேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசிப் பட்டியலைப் பார்த்தாள். நாற்பத்தொரு ஆய்வேடுகளில் அதே விலாசம், அதே நானூற்றுப் பன்னிரண்டு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள், ஒருவரும் கதவைத் தட்டவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது 1988இல் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர் இப்போதைய துறைத்தலைவர், புரொபசர் ஷெஃபிக் லஸ்ராம்.

அவள் உட்கார்ந்துவிட்டதற்குக் காரணம் புரொபசர் அல்ல. அந்த நாற்பத்தொன்றில் மூன்று ஆய்வேடுகளில் அந்த விலாசத்துக்குப் பக்கத்தில் இருந்த பென்சில் குறி அவளுடையது. நினைவு வந்தது. அந்த மூன்றும் வந்த வருடம் 1974ஆம் தொகுப்பைத் தைத்துக் கட்ட துனிஸுக்கு அனுப்பியிருந்தார்கள். "எல்லாரும் போடறதுதான் அக்கா, போட்டு விடுங்க" என்று பக்கத்து மேஜை லம்ஜத் சொன்னான். போட்டுவிட்டாள். மெத்லாவிக்கு ரயிலேறிப் போய்க் கேட்டவள்தான், தன் மேஜையில் உட்கார்ந்தபடியே மூன்று முறை ஏமாந்திருக்கிறாள். ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அந்த மூன்று குறிகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்திருக்கலாம், ரப்பர் பையிலேயே இருந்தது. அவள் அழிக்கவில்லை.

அதற்கப்புறம் கடிதம் எழுத ஆரம்பித்தாள். துனிஸ், ஸூஸ், அல்ஜியர்ஸ், கான்ஸ்டன்டைன், ரபாத், லியோன், மார்ஸெய், கெய்ரோ, ஜெனிவா என்று போய்ப் பதினோரு இடமாயிற்று. இந்தப் பெயருள்ளவர் தேள்கடியைப் பற்றி எழுதியது எந்த வருடத்திலாவது, எந்தப் பத்திரிகையிலாவது உங்களிடம் இருக்கிறதா, குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு எதுவாவது இருக்கிறதா என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் தேடத் தெரிந்த பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து அதிலும் தேடச் சொன்னாள். எந்தத் தேதியில் எங்கே தேடினாள், என்ன பதில் வந்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தாள்.

யுஸ்ராவின் அம்மா ஜலீலா ஒருநாள் நூலகத்துக்கே வந்துவிட்டாள். தலையில் போட்டிருந்த துணியைச் சரிசெய்தபடி மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, எம் பொண்ணு ஏழு வருஷம் படிச்சிருக்கா. நூறு பேருக்கு மக்ரூத் பலகாரம் பண்ண எல்லாம் வாங்கியாச்சு. ஒரு நம்பருக்காக நிறுத்தி வெச்சிருக்கீங்களாமே."

"மக்ரூத்ல போடற பேரீச்சம்பழம் எங்க வாங்கினீங்க?"

"தோஸர்ல. ஏன்?"

"கடைக்காரன் சொன்னானா, நீங்க பாத்து வாங்கினீங்களா?"

"நான் போய்ப் பிட்டுப் பாத்துதான் வாங்கினேன். அவன் பேச்சை யார் நம்புவா?"

"அதையேதான் நானும் பண்றேன்."

ஜலீலா எழுந்து போய்விட்டாள். வாசலில் நின்று, "இவளோட வாயால என்ன பிரயோஜனம், கையெழுத்துப் போடற கைதான் இல்ல" என்று யாரிடமோ சொன்னது உள்ளே வரை கேட்டது.

மே மூன்றாம் வாரம் கான்ஸ்டன்டைனிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. அந்த ஊர் நூலகர் அதே ஆள் எழுதியதைக் கண்டுபிடித்துப் படியெடுத்து அனுப்பியிருந்தார். வேறு பத்திரிகை, மூன்று வருடம் முந்தியது, மொத்தம் ஒன்பது பக்கம். முன்ஜியா ஒரு விரலை வரிக்குக் கீழே வைத்துப் படித்தாள். ஊசி அதேதான், அளவும் அதேதான். ஆனால் போட்டது பன்னிரண்டு முயல்களுக்கு. குழந்தை என்ற சொல் ஒன்பது பக்கத்திலும் ஒரு இடத்தில்கூட இல்லை. மற்ற பத்து இடங்களிலிருந்தும் இல்லை என்றே பதில் வந்திருந்தது.

புரொபசர் ஷெஃபிக் கூப்பிட்டனுப்பினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ராத்திரி பகல் பாராமல் வைத்தியம் பார்க்கிறவர், அவர் கையால் பிழைத்த பிள்ளைகள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். முயல் கட்டுரையை மேஜை மீது வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"முன்ஜியா, நான் இருபது வருஷத்துக்கு மேல இந்த ஊசியைப் போடறேன்."

"போடுங்க ஐயா. அது உங்க கை கண்டது. நான் போட்டேன், இத்தனை பிள்ளைங்க, இத்தனை பேர் பிழைச்சாங்க, இத்தனை பேர் இல்லன்னு அதையே எழுதுங்க. அதை நான் வந்து பாத்துக் குறி போடறேன். முயலுக்குச் செஞ்சதை எதுக்குக் குழந்தை தலையில எழுதறீங்க?"

"பிரான்ஸ்ல ஒரு கூட்டத்துல கேட்டது. நோட்டுல குறிச்சு வெச்சிருந்தேன். பக்கம் மாறியிருக்கலாம்."

"பக்கம் மட்டும் மாறல ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தேள் கடிச்ச பிள்ளை என் கண்ணு முன்னால நெளியுது. அப்ப நான் பக்க நம்பரைத் தேடிட்டு நிக்கணுமா?"

"அப்பத் தேட வேண்டாம்னுதானே இப்பத் தேடறோம்."

"சரி, என்ன எழுதணும்ங்கறே?"

"தெரியாதுன்னு எழுதுங்க. குழந்தைங்ககிட்ட யாரும் சோதிச்சதா தெரியலன்னு."

"தெரியாதுன்னு எழுதறதுக்குப் பேர் ஆய்வா?" என்று கேட்டுவிட்டு அவர் டெலிபோனை எடுத்தார்.

அன்று மாலையே டீன் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. இனி அந்தத் துறையின் ஆய்வேடுகளை லம்ஜத் பார்ப்பான், முத்திரையை அவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. முன்ஜியா இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து அவன் மேஜையில் வைத்தாள். லம்ஜத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"என் மேல வருத்தப்படாதீங்க அக்கா. எனக்கு மேல இருந்து சொல்றாங்க."

"வருத்தமில்லடா. பசை டப்பாவை மட்டும் எனக்கு விட்டுடு."

பசை எதற்கு என்று அவன் கேட்கவில்லை. நூலக விதிப் புத்தகத்தில் ஒன்று உண்டு: ஏதாவது ஒரு நூலில் பக்கம் காணாமல் போயிருந்தால், குமாஸ்தா அதைக் கண்டவுடன் அந்த இடத்தில் குறிப்புச் சீட்டு ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். முன்ஜியா நாற்பத்தொரு சீட்டு வெட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: 'இங்கே சொல்லப்பட்ட பக்கம் அந்தத் தொகுப்பில் இல்லை. இதே ஆசிரியரின் கிடைத்த கட்டுரை இது, கிடைத்த இடம் இது. இதில் உள்ளவை பன்னிரண்டு முயல்கள். குழந்தைகள் இல்லை. பார்த்தவர் முன்ஜியா பின்த் ஸாலஹ்.' முதலில் தன்னுடைய பென்சில் குறி இருந்த மூன்றிலும் ஒட்டினாள். அதில் மட்டும் ஒரு வரி கூடுதல்: 'முன்பு பார்க்காமல் குறி போட்டதும் நானே.'

நாள் நான்கோ ஐந்தோ இருக்கும். யுஸ்ரா வந்தாள். கையில் லம்ஜத் முத்திரை குத்திய பச்சைச் சீட்டு. நேரே அச்சகத்துக்குப் போயிருக்க வேண்டியவள். பசை காய்ந்துகொண்டிருந்த ஒரு ஆய்வேட்டை எடுத்துச் சீட்டைப் படித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் படித்தாள்.

"வார்டுல எல்லாரும் இதைப் பத்தித்தான் பேசறாங்க சித்தி. முயல் டாக்டர்னு என்னைக் கேலி பண்றாங்க."

"சிரிக்கட்டும்."

"போன ஆகஸ்ட்ல உம்முல் அராயெஸ் ஊர்ல இருந்து ஒரு குழந்தையைக் கொண்டு வந்தாங்க. மூணு வயசு. நான்தான் ஊசி போட்டேன். அதே அளவு." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆபத்தில்லன்னு அவங்க அம்மாகிட்ட சொன்னேன். பாத்தவ மாதிரி சொன்னேன்."

"குழந்தை?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நான் படிச்சதால இல்ல."

முன்ஜியா பசைக் கையைத் துடைத்தாள். சுற்றி வைத்திருந்த ரொட்டியைப் பிரித்து, மிளகாயும் வெங்காயமும் வைத்த பாதியை அவள் பக்கம் தள்ளினாள். யுஸ்ரா தின்றாள். தின்றுவிட்டுப் பச்சைச் சீட்டை நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"அந்த வரியை மாத்தறேன். குழந்தைங்ககிட்ட சோதிச்ச ஆய்வு எதுவும் கிடைக்கலன்னு எழுதறேன். ஆனா அதுக்கும் ஒரு மூலம் கேப்பாங்களே சித்தி. இல்லாததுக்கு எந்தப் பக்கத்தைக் காட்ட?"

முன்ஜியா இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். பதினோரு இடம், பதினோரு தேதி, பதினோரு பதில்.

"இதைக் காட்டு. எங்க தேடினோம்னு சொன்னா, வேற இடம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்."

"யார் பேர் போட?"

"தேடினது யாரு?"

ஆய்வேடு மறுபடி தட்டச்சானது. லம்ஜத்திடம் இன்னொரு பச்சைச் சீட்டு கேட்டபோது பதினேழாவதில் அவன் பென்சில் நின்றது. அப்புறம் தாளைக் கையில் வாங்கி, எழுந்து, முன்ஜியாவின் மேஜைக்கு நடந்து வந்து பதினோரு பதில்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே குறி போட்டான். சபைத் தலைமையிலிருந்து புரொபசர் விலகிக்கொள்வார் என்று பேச்சு அடிபட்டது. அவர் விலகவில்லை. நானே கேட்கிறேன் என்றாராம்.

சபை நாளில் கூடம் நிறைந்திருந்தது. ஜலீலாவின் சொந்தக்காரிகள் குலவையிடத் தயாராக முன் வரிசையில் இருந்தார்கள், மக்ரூத் தட்டுகள் வெளியே துணி மூடிக் காத்திருந்தன. சபைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது சட்டம். முன்ஜியா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

யுஸ்ரா பேசி முடித்தாள். புரொபசர் ஷெஃபிக் பட்டியலைப் புரட்டினார்.

"பதினேழாவது மூலம். முன்ஜியா பின்த் ஸாலஹ். இவர் யார்? எந்தப் பல்கலைக்கழகம், என்ன பட்டம்?"

"பட்டம் இல்லை ஐயா" என்றாள் யுஸ்ரா. "பாத்தவங்க."

முன் வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. முன்ஜியா எழுந்து நின்றாள்.

"பார்வையாளர்களுக்குப் பேச அனுமதி இல்லை" என்றார் புரொபசர்.

"தெரியும் ஐயா. ஆனா கேட்டது என்னைப் பத்தி. அதான் எழுந்தேன். பட்டம் ஒண்ணுமில்ல. பதினோரு இடத்துல கேட்டேன், பதினொண்ணும் தாள்ல இருக்கு. பன்னெண்டாவது ஒரு இடம் உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. இன்னிக்கே எழுதிக் கேக்கறேன். பதில் வந்தா என் பேரை அடிச்சிட்டு அதைப் போட்டுக்கட்டும்."

"லியோனில் கேட்டீர்களா?"

"ஆறாவது."

"ஜெனிவா?"

"ஒன்பதாவது."

"பாரிஸில் இருக்கும்."

"பாரிஸ் பதினொண்ணாவது. அவங்க பதில்ல கையெழுத்துப் போட்டிருக்கறது தலைமை நூலகரே. தாள் உங்க மேஜையிலயே இருக்கு, பாக்கறீங்களா?"

 புரொபசருக்குப் பக்கத்தில் இருந்த விருந்தாளிப் பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

"உட்காருங்கள் அம்மா" என்றார் புரொபசர்.

"பன்னெண்டாவது இடத்தை நீங்க இன்னும் சொல்லல ஐயா."

அவர் அவளைப் பார்த்தார். யுஸ்ராவைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"அதைத்தான் ஐயா அவளும் எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டு முன்ஜியா உட்கார்ந்தாள்.

ஆய்வேடு தேறியது. மூன்று கையெழுத்துகளில் கடைசியாக விழுந்தது புரொபசருடையது. குலவை எழுந்தபோது ஜலீலா வெளியே போய்த் தட்டைத் திறந்து, முதல் மக்ரூத்தை எடுத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுவந்து முன்ஜியாவின் கையில் வைத்தாள்.  முன்ஜியா அதைப் பிட்டுப் பார்த்துவிட்டுத் தின்றாள்.

முத்திரை அவளிடம் திரும்பி வரவில்லை. அவளும் கேட்கவில்லை. நாற்பத்தொன்றில் இன்னும் பத்தொன்பது ஆய்வேடுகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது.